திங்க்பேட் டி14 வாங்கப் போகிறீர்களா? எதை இப்போதே பார்த்து வாங்க வேண்டும், எதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததிலிருந்து என்னிடம் லேப்டாப் பற்றிக் கேட்பவர்கள் எண்ணிக்கை கூடிவிட்டது. அவர்களில் பாதிப் பேருக்கு மேல் வீட்டு உபயோக மாடல் வேண்டாம், ஆபீஸ்களில் கொடுப்பது மாதிரி உறுதியான ஒன்று வேண்டும் என்கிறார்கள். அங்கிருந்து பேச்சு லெனோவோ திங்க்பேட் டி14 பக்கம் போய்விடும். அப்புறம் வரும் கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரிதான்: ரேம் பிறகு போட்டுக்கொள்ளலாமா, எஸ்எஸ்டி பெரிதாக மாற்றலாமா, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், நாமே திறந்தால் வாரண்டி போய்விடுமா.

2024-இல் வந்த டி14 ஐந்தாம் தலைமுறையை வைத்து இவற்றுக்குப் பதில் சொல்கிறேன். எச்பி எலைட்புக், டெல் லாட்டிட்யூட் வாங்குகிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். இந்த லேப்டாப்பை வைத்திருப்பவர்கள் சொல்லும் குறைகளைக் கவனித்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அவர்கள் வருத்தப்படுவது பெரும்பாலும் பிறகு மாற்ற முடியாத அல்லது மாற்றினால் செலவு அதிகமாகும் பாகங்களைப் பற்றித்தான். எஸ்எஸ்டி சின்னது என்று யாரும் ரொம்ப நாள் புலம்புவதில்லை, மாற்றிவிடுகிறார்கள். ஆகவே கையில் இருக்கும் பணத்தை முதலில் மாற்ற முடியாதவற்றில் போடுங்கள்.

அதில் முதலாவது திரை. ஒரே டி14-இல் பல திரைகள் உண்டு. விலை குறைந்த திரையின் விவரத்தில் 45% என்டிஎஸ்சி என்று இருக்கும், அதற்கு மேலே உள்ளதில் 100% எஸ்ஆர்ஜிபி என்று இருக்கும்; திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கான அளவுகள் இவை. இரண்டுமே 14 இன்ச், இரண்டுமே 1920 x 1200, வெளிச்சமும் 400 நிட்ஸ் என்றே போட்டிருக்கும் என்பதால் கடையில் கேட்டால் "எல்லாம் ஒன்றுதான் சார்" என்பார்கள். ஒன்றல்ல. 45% திரையில் சிவப்பு செங்கல் நிறத்துக்கு இறங்கிவிடும், முகங்கள் வெளிறித் தெரியும். எக்செல், டேலி, மெயில் மட்டும் என்றால் அதிலேயே காலம் தள்ளலாம். போட்டோ, வீடியோ, டிசைன் என்று கொஞ்சமாவது தொடுகிறவர்கள், அல்லது ஒரு நாளில் எட்டு மணி நேரம் அந்தத் திரையையே பார்க்கப் போகிறவர்கள், 100% எஸ்ஆர்ஜிபி இருக்கும் மாடலுக்காகக் காத்திருந்தாவது வாங்குங்கள். அந்த வகையில் மின்சாரம் குறைவாக இழுக்கும் பேனலும் உண்டு, பேட்டரிக்கும் நல்லது. பிறகு திரையை மட்டும் மாற்றலாம்தான், ஆனால் பேனல், கேபிள், கூலி என்று சேர்த்துப் பார்த்தால் வாங்கும்போதே கொடுத்திருக்க வேண்டிய வித்தியாசத்தைவிட நிச்சயம் அதிகமாகும்.

கடைக்காரர் சொல்வதையோ ஆன்லைன் விற்பனைப் பக்கத்தில் இருப்பதையோ நம்பி முடிவெடுக்காதீர்கள். லெனோவோவிடம் பிஎஸ்ஆர்இஎஃப் என்ற பெயரில் ஒரு தளம் இருக்கிறது, மாடல் எண்ணை முழுதாக அடித்தால் அந்தக் குறிப்பிட்ட லேப்டாப்பில் என்ன திரை, எத்தனை ரேம் ஸ்லாட், எத்தனை வாட்-ஹவர் பேட்டரி, எந்த நாட்டுக்கு எத்தனை வருட வாரண்டி என்று வரிசையாகக் காட்டும். பெட்டியின் ஸ்டிக்கரிலும் லேப்டாப்பின் அடியிலும் அந்த எண் இருக்கும். பில் போடுவதற்கு முன்பு ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து, அங்கேயே நின்று போனில் பார்த்துவிடுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் சரி, பெரிய ஷோரூமில் வாங்கினாலும் சரி, இதைச் செய்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது ரேம். இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள், காரணம் டி வரிசையின் வரலாறு. 2018-இல் வந்த டி480-இல் இரண்டு ரேம் ஸ்லாட் இருந்தது, பின்பக்கப் பேட்டரியைக் கையாலேயே கழற்றி மாட்டலாம். இன்றைக்கும் செகண்ட்ஹேண்ட் சந்தையில் அதற்கு மவுசு இருப்பது அதனால்தான். 2019-இல் டி490 வந்தபோது ஒரு பகுதி ரேமைக் கழற்ற முடியாதபடி போர்டிலேயே சால்டர் செய்து, மிச்சத்துக்கு ஒரே ஒரு ஸ்லாட் கொடுத்தார்கள். டி14 நான்காம் தலைமுறை வரை ஏறக்குறைய அதே கதைதான், சில ஏஎம்டி மாடல்களில் அந்த ஒரு ஸ்லாட்டும் கிடையாது. ஐந்தாம் தலைமுறையில்தான் இரண்டு ஸ்லாட் திரும்பி வந்தது. பழுது பார்க்கும் வசதிக்கு மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் நிறுவனத்தோடு சேர்ந்து வடிவமைத்தார்கள், அவர்களும் பத்துக்கு ஒன்பது கொடுத்தார்கள். இப்படி ஒரு பெரிய கம்பெனி பின்வாங்கி, வாங்குகிறவனின் பக்கம் வந்தது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

ஆனால் பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். டி14எஸ் என்று ஒரு 'எஸ்' சேர்ந்துவிட்டால் ரேம் முழுக்கச் சால்டர் செய்ததுதான், எக்ஸ்1 கார்பனும் அப்படியே. டி14 ஆறாம் தலைமுறையிலேயே இரண்டு விதம் உண்டு. பிராசஸர் எண் 'வி' என்று முடிந்தால் அது லூனார் லேக் என்ற இன்டெல் வகை, ரேம் பிராசஸரோடு ஒரே பேக்கேஜில் இருக்கும், 16 அல்லது 32 ஜிபியோடு நிற்க வேண்டியதுதான். மற்ற இன்டெல் பிராசஸர்களோடு வருவதில் ஸ்லாட் இருக்கிறது. லூனார் லேக்கில் பேட்டரி நன்றாக நிற்கும் என்பதும் உண்மை, எனவே அது மோசமான தேர்வு இல்லை. தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

எவ்வளவு ரேம் போதும்? பிரவுசரில் இருபது முப்பது டேப், டீம்ஸ், எக்செல் என்றால் 16 ஜிபி போதும். டாக்கர், வர்ச்சுவல் மெஷின், பெரிய டேட்டாபேஸ் என்றால் 32. எட்டு ஜிபி லேப்டாப்பை இனி வாங்கவே வாங்காதீர்கள், கிராபிக்ஸுக்கும் அதிலிருந்துதான் ஒரு பங்கு போகும். டி14 ஐந்தாம் தலைமுறைக்கு லெனோவோ அதிகாரபூர்வமாகச் சொல்லும் உச்சம் 64 ஜிபி.

"குறைந்த ரேமோடு வாங்கு, பிறகு வெளியே மலிவாக வாங்கிப் போட்டுக்கொள்" என்று நானே பல வருடமாகச் சொல்லி வந்தேன். 2025 கடைசியிலிருந்து நிலைமை மாறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் டிடிஆர்5 விலை கண்டபடி ஏறிவிட்டது. இப்போது பல இடங்களில் கூடுதல் ரேமோடு வரும் மாடலை வாங்குவதே லாபமாக இருக்கிறது. அன்றைய விலையைப் பார்த்து, இரண்டு கணக்கையும் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள், 16 ஜிபி ஒரே குச்சியாக இருக்கிறதா, எட்டும் எட்டுமாக இருக்கிறதா என்று. ஒரே குச்சியாக இருந்தால் பிறகு இன்னொரு 16 வாங்கிச் சொருகி 32 ஆக்கலாம், எதையும் தூக்கிப் போட வேண்டாம். ஆனால் அதுவரை ஒற்றைச் சேனலில், அதாவது பிராசஸருக்கும் மெமரிக்கும் நடுவே ஒரே பாதையில், ஓடும், கிராபிக்ஸ் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி குறையும். ரைசன் 7 8840யு போட்ட மாடலில் உள்ள 780எம் கிராபிக்ஸ் மெமரி வேகத்தை நம்பித்தான் இருக்கிறது, அதை ஒற்றை ரேமோடு ஓட்டுவது பாவம். பிராசஸர் எண் 'எச்' என்று முடியும் இன்டெல் அல்ட்ரா வகையிலும் இதே கதைதான். இரட்டைச் சேனலில் குறைந்தது 16 ஜிபி இருந்தால்தான் 'ஆர்க் கிராபிக்ஸ்' என்று காட்டும், இல்லாவிட்டால் வெறும் 'இன்டெல் கிராபிக்ஸ்' என்று காட்டும். 'யு' என்று முடியும் வகையில் எப்போதுமே 'இன்டெல் கிராபிக்ஸ்' என்றுதான் வரும், அதைப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

பிராசஸரைப் பற்றி நீட்டி எழுத எதுவும் இல்லை. ஆபீஸ் வேலைக்கு அல்ட்ரா 5 தாராளம். அல்ட்ரா 7-க்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தைத் திரையிலும் ரேமிலும் போடுங்கள்.

பேட்டரி விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். இதில் 39.3 வாட்-ஹவர், 52.5 வாட்-ஹவர் என்று இரண்டு அளவு உண்டு. "நாலு மணி நேரத்தில் படுத்துவிடுகிறது" என்று சொல்கிறவர்களிடம் எந்தப் பேட்டரி என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சின்னதுதான். வாங்கும்போதே பெரியதைக் கேளுங்கள். எப்போதும் சார்ஜரிலேயே மாட்டி வைத்து வேலை செய்கிறவர் என்றால் லெனோவோ வான்டேஜ் செயலியில் சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் நிறுத்திவிடுங்கள், பேட்டரியின் ஆயுள் நீளும். லினக்ஸ் ஆட்கள் டிஎல்பி என்ற மென்பொருளைக் கொண்டு இதையே செய்யலாம்.

பேட்டரி பற்றிய இன்னொரு பெரிய புகார், மூடிப் பையில் வைத்த லேப்டாப் வெளியே எடுக்கும்போது சுடுகிறது, சார்ஜும் பாதி போயிருக்கிறது என்பது. பேட்டரி கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டியதில்லை. இப்போதைய லேப்டாப்களில் பழைய மாதிரியான தூக்கம் கிடையாது. மாடர்ன் ஸ்டாண்ட்பை என்ற முறையில் மூடிய பிறகும் உள்ளே கொஞ்சம் விழித்தபடியே இருக்கும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியை மூடினால் ஸ்லீப் என்று இருப்பதை ஹைபர்னேட் என்று மாற்றிவிடுங்கள். திறக்கும்போது சில நொடி கூடுதலாக ஆகும், ஆனால் பையில் சூடு ஏறாது.

சரி, திறந்து மாற்றுவதற்கு வருவோம்.

முதலில் பிட்லாக்கர், அதாவது டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. இதை விட்டுவிட்டுத்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் உங்களுக்குத் தெரியாமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே ஒரு பாகம் மாறியதும் அல்லது பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பில்) ஏதாவது மாற்றியதும் அது 48 இலக்க மீட்பு எண் கேட்டு நின்றுவிடக்கூடும். எனவே அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று வேறு கருவியில் திறந்து பாருங்கள், ஒரு தாளில் எழுதி வையுங்கள், அப்புறம் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி ஆட்களிடம் சொல்லாமல் கை வைக்கவே கூடாது. அடி மூடியைத் திறந்தாலே கண்டுபிடித்து, அட்மின் பாஸ்வேர்டு கேட்டு நிற்கும் அமைப்பு திங்க்பேட் பயாஸில் உண்டு.

அடுத்து பேட்டரியை அணைக்க வேண்டும். லேப்டாப்பை ஆன் செய்து லெனோவோ லோகோ வரும்போது எஃப்1 தட்டினால் பயாஸ் வரும். அதில் கான்ஃபிக், அதற்குள் பவர், அதற்குள் 'டிசேபிள் பில்ட்-இன் பேட்டரி' என்று ஒரு வரி. சார்ஜரைக் கழற்றிவிட்டு அதைத் தேர்ந்தெடுத்தால் லேப்டாப் தானாக அணைந்துவிடும், மறுபடி சார்ஜரை மாட்டும் வரை உயிர் வராது. ஸ்விட்ச் ஆஃப் செய்தால் போதாதா என்று கேட்பார்கள், போதாது. போர்டில் மின்சாரம் இருக்கும்போது ஸ்க்ரூ டிரைவர் முனை ஒரு இடத்தில் பட்டாலே போர்டு போய்விடும்.

இப்போது மெத்தென்ற துணி மேல் கவிழ்த்து வைத்து, அடியில் இருக்கும் ஸ்க்ரூக்களைத் தளர்த்துங்கள். சாதாரண சின்ன பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர் போதும். இந்த ஸ்க்ரூக்கள் முழுதாக வெளியே வராது, மூடியிலேயே தொங்கிக்கொண்டு நிற்கும். வரவில்லையே என்று இழுக்காதீர்கள், தொலையாமல் இருப்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். எல்லாம் தளர்ந்ததும் கீல் இருக்கும் பக்கத்து மூலையில் பிளாஸ்டிக் துண்டோ பழைய ஏடிஎம் கார்டோ நுழைத்து மெல்லச் சுற்றி வந்தால் டப் டப் என்று கிளிப்கள் விடும். எங்காவது பிடித்தால் பலத்தைக் காட்டாமல் அந்தப் பக்கத்து ஸ்க்ரூ இன்னும் கடித்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே தொடும் முன்பு ஏதாவது உலோகத்தைத் தொட்டு உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள், ஏசி அறை என்றால் கட்டாயம்.

ரேம் மாற்றுவது எளிது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்ன உலோகக் கைகள் இருக்கும், இரண்டையும் ஒரே நேரத்தில் விரல் நகத்தால் வெளிப்பக்கம் தள்ளினால் ரேம் தானாகச் சாய்ந்து எழும்பும். புதியதை அதே சாய்வில், வெட்டு பொருந்தும்படி, பொன்னிறப் பற்கள் உள்ளே போகும் வரை தள்ளி, பிறகு கீழே அழுத்தினால் இரண்டு பக்கமும் கிளிக் என்று பிடிக்கும். பற்கள் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் சரியாகப் போகவில்லை. டிடிஆர்4 ரேமை இதில் போட முடியாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும், பின்களும் 260-க்குப் பதில் 262. வாங்கும்போது டிடிஆர்5 எஸ்ஓடிம் 5600 என்று கேட்டு வாங்குங்கள். வேகம் குறைந்ததைக் கலந்து போட்டால் இரண்டும் அந்தக் குறைந்த வேகத்தில்தான் ஓடும்.

புது ரேம் போட்டு முதல் முறை ஆன் செய்யும்போது திரை கறுப்பாகவே இருக்கும். ஒரு நிமிடம், சில சமயம் அதற்கும் மேலே. விசிறி சுற்றும், பவர் விளக்கு எரியும், வேறு எதுவும் வராது. டிடிஆர்5-இல் லேப்டாப் புது ரேமோடு பேசிப் பழகிக்கொள்ள இவ்வளவு நேரம் ஆகும். இந்த இடத்தில் பயந்துபோய் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்கிறவர்கள்தான் "ரேம் சேரவில்லை" என்று கடைக்குத் திருப்பிக் கொண்டு போகிறார்கள். கையைக் கட்டிக்கொண்டு சில நிமிடம் காத்திருங்கள்.

எஸ்எஸ்டி மாற்ற வேண்டியவர்கள் முதலில் அளவைப் பாருங்கள். இந்த லேப்டாப்பில் எம்.2 2280, அதாவது 80 மில்லிமீட்டர் நீளம். சில திங்க்பேட்களில் 2242 என்ற குட்டை அளவு வரும், அதற்குப் பெரியது பொருந்தாது. என்விஎம்இ வகை, பிசிஐஇ 4.0 போதும். 5.0 வாங்கினால் காசுதான் வீண், சூடும் அதிகம். இரண்டு பக்கமும் சிப் இருக்கும் எஸ்எஸ்டியைத் தவிர்த்து ஒரு பக்கம் மட்டும் இருப்பதை எடுங்கள், மெல்லிய லேப்டாப்பில் அதுதான் நிம்மதி. ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் பழையது மேலே எழும்பும், அடியில் வெப்பம் கடத்தும் பட்டை ஒட்டியிருந்தால் கிழிக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

எஸ்எஸ்டி ஸ்லாட் ஒன்றுதான் என்பதால் பழையதை அப்படியே நகலெடுக்க வேண்டும் என்றால் என்விஎம்இ-க்கான யூஎஸ்பி பெட்டி ஒன்று தேவை. புது எஸ்எஸ்டியை அதில் வைத்து நகலெடுத்துவிட்டு, பிறகு உள்ளே மாற்றலாம். என்னைக் கேட்டால் கோப்புகளை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகவே நிறுவுங்கள் என்பேன். லைசென்ஸ் போர்டோடு பிணைந்தது, இணையத்தில் சேர்ந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். நிறுவும்போது எஸ்எஸ்டியே தெரியவில்லை என்று வந்தால் பதறாதீர்கள், இன்டெல் மாடல்களில் எஸ்எஸ்டியைக் கையாளும் விஎம்டி என்ற அமைப்பு இயங்கினால் அப்படி ஆகலாம். அதற்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை முன்கூட்டியே பென்டிரைவில் போட்டு வைத்து, 'லோட் டிரைவர்' கொடுத்தால் எஸ்எஸ்டி வந்துவிடும்.

சிம் கார்டு போட்டு 4ஜி, 5ஜி பயன்படுத்த நினைக்கிறவர்கள் வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும். ஸ்லாட் காலியாக இருந்தாலும் ஆன்டெனா ஒயர் உள்ளே ஓடியிருக்க வேண்டும், எல்லா மாடலிலும் ஓடியிருக்காது, பிறகு இழுப்பதென்றால் திரை வரை பிரிக்க வேண்டும். அந்தக் காலி ஸ்லாட்டில் இரண்டாவது எஸ்எஸ்டி போடலாமா என்றும் கேட்கிறார்கள். டி480-இல் குட்டை எஸ்எஸ்டி போட்டு ஓட்டினார்கள் என்பதற்காக இதிலும் ஓடும் என்று வாங்கி வைக்காதீர்கள்.

கீபோர்டு பற்றி ஒரு வார்த்தை. பழைய திங்க்பேட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இதில் கன்ட்ரோல் கீ இடது கோடிக்கு வந்திருப்பது கொஞ்ச நாள் இடிக்கும், இத்தனை வருடமாக அங்கே எஃப்என் கீ இருந்தது. பயாஸில் இரண்டையும் மாற்றிக்கொள்ள வசதி இருக்கிறது. மற்றபடி தட்டச்சு செய்ய இந்த விலையில் இதைவிட நல்ல கீபோர்டு நான் பார்க்கவில்லை, தமிழில் நாள் முழுக்க அடிக்கிறவன் சொல்கிறேன். ஸ்பீக்கர் சுமார்தான், ஹெட்செட் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக வாரண்டி. ரேமும் எஸ்எஸ்டியும் வாடிக்கையாளரே மாற்றக்கூடிய பாகங்கள் என்று லெனோவோவின் பராமரிப்புக் கையேட்டிலேயே இருக்கிறது, மாற்றினால் மட்டும் வாரண்டி போகாது. மாற்றும்போது எதையாவது உடைத்தால் அது உங்கள் பொறுப்பு. நீங்கள் போட்ட ரேமுக்கு அந்த ரேம் கம்பெனிதான் வாரண்டி தரும். வெளிநாட்டிலிருந்து வந்த மாடலை மலிவு என்று வாங்கினால், சீரியல் எண்ணை லெனோவோ தளத்தில் போட்டு இந்தியாவில் எத்தனை வருடம், வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். கழற்றிய பழைய ரேமையும் எஸ்எஸ்டியையும் வாரண்டி முடியும் வரை விற்காதீர்கள். இன்ஜினியர் வருகிறார் என்றால் முந்தைய நாளே அவற்றை மாட்டி வைத்துவிடுங்கள். உங்கள் கோப்புகளும் வெளியே போகாது, "வெளி ரேமால்தான் பிரச்சினை" என்ற பேச்சும் வராது.